கேட்கத் தெரிந்தவர்கள்

எங்கள் ஊரைப் பற்றித் தமிழ்ப் புலவர் உலகம் நினைவில் வைத்திருக்கும் கதை ஒரு தேர்வின் கதை. 15ஆம் நூற்றாண்டில் திருமலைராயன் ஆண்ட கடற்கரை என்பதால் இது திருமலைராயன்பட்டினம். அவன் அவையில் 64 தண்டிகைப் புலவர்கள் இருந்தார்கள். தண்டிகை என்றால் பல்லக்கு. அவர்களுக்குத் தலைவர் அதிமதுர கவிராயர். அவர் பல்லக்கில் ஊர்வலம் வரும்போது கட்டியக்காரன் தெருவில் நிற்பவர்களையெல்லாம் வாழ்த்துச் சொல்லச் சொல்வான். வெளியூரிலிருந்து வந்து நின்ற காளமேகம் சொல்ல மறுத்தார். அவைக்கு அழைத்தார்கள். உட்கார இடம் தரவில்லை. பிறகு எமகண்டம்: கீழே நெருப்பு, கொதிக்கும் கொப்பரை, மேலே தொங்கும் உறியில் புலவர், கழுத்திலும் இடுப்பிலும் கத்திகள். கேட்ட பொருளில், கேட்ட நொடியில் வெண்பா வர வேண்டும். வராவிட்டால் உயிர் இல்லை. காளமேகம் வென்றார். வென்றும் மரியாதை கிடைக்கவில்லை என்று, இந்த ஊரில் மண்மாரி பொழியட்டும் என அறம்பாடிவிட்டுப் போனார். வீராசாமி செட்டியாரின் 'விநோதரச மஞ்சரி' படித்தவர்களுக்கு இந்தக் கதை தெரியும். படிக்காத எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கடைசி வரி மட்டும் தெரியும்: "அறம் பாடி அழிஞ்ச ஊரு."

இதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு கட்டுக்கதை என்பது இங்கே என் கவலை இல்லை. காளமேகம் எதற்காக இங்கே வந்தார்? ஆதரவு கேட்டு வந்தார். அவருக்கு வைத்த சோதனைகள் இரண்டு. பெரியவரை வணங்கத் தெரிகிறதா என்பது ஒன்று. பிழையில்லாமல் பேசத் தெரிகிறதா என்பது மற்றொன்று. அவர் கேட்டு வந்த விஷயத்துக்கும் இந்த இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

நான் இப்போது கைப்பேசியில் ஆறு குழுக்களில் இருக்கிறேன். மாடித்தோட்டம், தையல், ஆரி வேலை, சமையல், வண்ணமீன் வளர்ப்பு, பழைய நாணயம். எல்லாம் பொழுதுபோக்குக் குழுக்கள். யாரும் சம்பளம் வாங்குவதில்லை. எல்லாவற்றிலும் சேர்ந்த உடனே கண்ணில் படுவது ஒரு விதிப்பட்டியல். கவிதைத் தொகுதியை விமர்சகர் படிப்பதைப் போல அந்தப் பட்டியல்களைப் படித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. அவையும் எழுத்துதான். அவற்றுக்கும் ஒரு நடை இருக்கிறது, ஒரு குரல் இருக்கிறது, மனதில் வைத்து எழுதப்பட்ட ஒரு வாசகர் இருக்கிறார்.

நடை: கட்டளை. "கூடாது" என்ற சொல் மிக அதிகம். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதக் கூடாது. குரல் பதிவு அனுப்பக் கூடாது. ஏற்கெனவே கேட்ட கேள்வியைத் திரும்பக் கேட்கக் கூடாது. இரவு பத்து மணிக்கு மேல் பதிவு கூடாது. தேவையற்ற நலவிசாரிப்பு கூடாது. கூடவே இரண்டு "வேண்டும்": பிழையின்றி எழுத வேண்டும், மூத்த உறுப்பினர்களிடம் மரியாதையோடு பேச வேண்டும்.

இந்த விதிகள் மனதில் வைத்திருக்கும் ஆள் எப்படிப்பட்டவர்? பகலில் கை ஓய்ந்திருப்பவர். தமிழ் விசைப்பலகை பழகியவர். பள்ளிக்கூடத்தில் லகர ளகரம் சரியாகக் கைவந்தவர். கேட்பதற்கு முன் பழைய பதிவுகளில் அரை மணி நேரம் தேடிப் பார்க்க நேரம் உள்ளவர். எங்கள் தெருவில் அப்படி ஒரு பெண்ணை எனக்குத் தெரியாது. செடி வளர்க்கும் பெண்களை நிறையத் தெரியும்.

அதில் ஒருத்தி போன வருடம் மாடித்தோட்டக் குழுவில் ஒரு படம் போட்டாள். தொட்டியில் செம்பருத்தி, இலையெல்லாம் பழுப்பு. கீழே ஆங்கில எழுத்தில் ஒரு வரித் தமிழ்: செடி காயுது, என்ன பண்றது? பாத்திரம் கழுவிவிட்டு ராத்திரி பத்தரைக்குப் போட்டிருந்தாள். வந்த பதில்களில் முதல் நான்கும் செடியைப் பற்றியவை அல்ல. தமிழில் எழுதுங்கள் சகோதரி. நேரத்தைப் பாருங்கள் சகோதரி. முழு விவரம் இல்லாமல் எப்படிச் சொல்வது. விதிகளைப் படித்தீர்களா. ஐந்தாவதாக ஒரு பெண் கேட்டார்: "இலை நுனிலேர்ந்து கருகுதா, நடுவுலயா? ஊத்துறது போர் தண்ணியா? தொட்டி ஓரத்துல வெள்ளையா படிஞ்சிருக்கா?"

இந்த மூன்று கேள்வியில் எல்லாம் இருக்கிறது. கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பு. தொட்டியில் நாளுக்கு நாள் உப்பு சேரும். முதலில் கருகுவது இலையின் நுனியும் ஓரமும். மண்ணின் மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளைப் பொருக்கு படியும். அதற்கு உரம் போட்டால் இன்னும் கெடும். கிடைக்கிற நல்ல தண்ணீரை அடியில் வழியும் வரை ஊற்றி உப்பைக் கழுவி வெளியேற்ற வேண்டும், மழைநீரைப் பிடித்து வைக்க வேண்டும். தென்னைநார்க் கழிவைக்கூட நன்றாக அலசிய பிறகே கலக்க வேண்டும், அதிலேயே உப்பு இருக்கும். எங்கள் பட்டினத்தில் இது எல்லார் மாடியிலும் நடக்கிற விஷயம். கேட்டவளின் எழுத்துப் பிழையால் இந்தப் பதிலில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது.

அந்த ஐந்தாவது பெண்ணும் விவரம் போதவில்லை என்றுதான் சொன்னார். நான்கு சகோதரர்களும் அதையேதான் சொன்னார்கள். ஆனால் அவர் கேட்டது செடியைப் பற்றி, இவர்கள் கேட்டது அவளைப் பற்றி. பொருளை விசாரிக்கும் விதியும் ஆளை அளக்கும் விதியும் ஒரே பட்டியலில், ஒரே வரிசை எண்ணில் கலந்து கிடப்பதுதான் என் புகார். படம் போடுங்கள், எந்தத் தண்ணீர் என்று சொல்லுங்கள், தையல் மெஷின் என்றால் நூல் சிக்குவது மேலேயா, பாபின் பக்கமா என்று சொல்லுங்கள் என்பது முதல் வகை. அதை நான் எதிர்க்கவில்லை. அது இல்லாமல் யாரும் உதவ முடியாது. இரண்டாவது வகை முதல் வகையின் முதுகில் ஏறிக்கொண்டு வருகிறது.

ஆங்கில உலகத்தில் இதற்கு ஒரு மூல நூலே உண்டு. 2001இல் எரிக் ரேமண்டும் ரிக் மோயனும் எழுதிய, சாமர்த்தியமாகக் கேள்வி கேட்பது எப்படி என்ற கையேடு. கணினி நிரல் எழுதுபவர்களுக்காக எழுதப்பட்டது, பிறகு எல்லாப் பொழுதுபோக்குக் கூட்டங்களுக்கும் பரவிவிட்டது. அதில் நல்ல புத்திமதி நிறைய இருக்கிறது. என்ன செய்தாய், என்ன நடந்தது, வரிசையாகச் சொல் என்கிறது. தாய்மொழி அல்லாத மொழியில் கேட்பவருக்கு எழுத்துப் பிழையில் கொஞ்சம் சலுகை உண்டு என்றும் சொல்கிறது. ஆனால் அதன் குரல் பல்லக்கில் உட்கார்ந்திருக்கிறவரின் குரல். எங்கள் நேரம் விலைமதிப்பில்லாதது, அதற்கு நீ தகுதியானவன் என்று நிரூபித்துக் காட்டு என்பது அதன் அடிநாதம். கேட்பவரின் நேரத்துக்கு விலையே இல்லை. யார் நேரத்தை யார் கணக்கு வைப்பது என்பது பெண்களுக்குப் பழைய கேள்வி. வீட்டு வேலையில் நாம் கண்ட கணக்கு இங்கேயும் அப்படியே வந்து நிற்கிறது.

அதே காலத்தில் அதே துறைப் பெண்கள் வேறொன்று செய்து பார்த்தார்கள். 1990களின் கடைசியில் தொடங்கிய லினக்ஸ்சிக்ஸ் என்ற பெண்கள் கூட்டத்துக்கு விதி இரண்டே இரண்டு. மரியாதையாக இரு, உதவியாக இரு. இந்த இரண்டும் கேட்பவரைவிடப் பதில் சொல்பவரைத்தான் அதிகம் கட்டுப்படுத்துகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற பிரம்மாண்டமான கேள்வி பதில் தளம் நேர்மாறான வழியில் போனது. கேள்வியில் வணக்கமும் நன்றியும் எழுதினால் வேண்டாத சத்தம் என்று நீக்கிவிடுவது அங்கே வழக்கம். 2018 ஏப்ரலில் அந்த நிறுவனமே, புதியவர்களும் பெண்களும் இங்கே வரவேற்பில்லை என்று உணர்கிறார்கள் என ஒப்புக்கொண்டு எழுதியது.

வணக்கத்தை நீக்குவது சின்ன விஷயமாகத் தெரியலாம். சூசன் ஹெர்ரிங் என்ற மொழியியலாளர் 1990களில் மின்னஞ்சல் குழுக்களை ஆராய்ந்தார். பெண்கள் நன்றி சொல்கிறார்கள், ஆண்கள் சீறுகிறார்கள் என்பதுதான் 1994இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பின் சாரம். மரியாதையே இல்லாத ஒரு பக்கமும் மரியாதை நிறைந்த ஒரு பக்கமும் அவர் காட்டவில்லை. இரண்டு பக்கத்துக்கும் இரண்டு மரியாதைகள் இருக்கின்றன, அதில் ஒன்றுதான் விதியாக எழுதப்படுகிறது என்று காட்டினார்.

தமிழில் இது இன்னும் சிக்கல். நம் பெண்கள் கேட்கும் கேள்வியின் முன்பாதி முழுக்க மன்னிப்பு. தப்பா நினைச்சுக்காதீங்க, இது சின்ன சந்தேகம்தான், எனக்கு அவ்வளவா விவரம் தெரியாது, நேரம் இருந்தா மட்டும் சொல்லுங்க சார். கேள்விக்கு வருவதற்குள் நாலு வரி போய்விடும். நேராக விஷயத்துக்கு வாம்மா என்பார் ஒருவர். நேராக வந்தால், "ஒரு வணக்கம்கூடக் கிடையாதா" என்பார் இன்னொருவர். ராபின் லேகாஃப் 1975இல் இந்த இழுப்பும் தயக்கமும் பெண்மொழி என்றார். 1980இல் ஓபாரும் அட்கின்ஸும் அமெரிக்க நீதிமன்றச் சாட்சியங்களைக் கேட்டுப் பார்த்துவிட்டு, இது பெண்மொழி அல்ல, அதிகாரமில்லாதவர் மொழி என்றார்கள். கூண்டில் ஏறிய ஏழை ஆணும் அப்படித்தான் பேசினான், நிபுணராக வந்த பெண் அப்படிப் பேசவில்லை. எனக்கு இரண்டாவது விளக்கம்தான் சரியாகப் படுகிறது. கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் மனு கொடுக்க நிற்கிறவர்களை ஒரு நாள் காலை பார்த்தால் போதும், ஆண் பெண் வித்தியாசம் தெரியாது. (பிரெஞ்சுக்காரன் போய் 70 வருடம் ஆகிறது. கொம்யூன் என்ற சொல் மட்டும் எங்களோடு தங்கிவிட்டது. அதைத் தமிழ் இல்லை என்று யாரும் எங்களைத் திருத்தியதில்லை, அரசாங்கச் சொல்லாயிற்றே.)

அந்த "சகோதரி" பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். செம்பருத்திக்காரியைத் திருத்திய எல்லாரும் சகோதரி என்றார்கள். பதில் சொன்ன பெண்ணை அவள் அக்கா என்றாள். அக்காவிடம் திரும்பக் கேட்கலாம், சண்டை போடலாம், புரியலைக்கா என்று சொல்லலாம். சகோதரி என்று அழைக்கப்பட்டவள் அடங்கி நிற்க வேண்டும், அந்தச் சொல்லுக்குள் ஒரு காவல்காரன் இருக்கிறான். மாசிமகத்துக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் எங்கள் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும்போது மீனவர்கள் அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறார்கள். தங்கள் குலத்துப் பெண்ணைக் கட்டியவர் என்ற உரிமை. சாமிக்கு அதில் மரியாதைக் குறைவு எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. ஒரு குழுவின் நிர்வாகிக்கு மட்டும் "சார்" விட்டுப்போனால் பொறுப்பதில்லை.

நல்ல தமிழில் எழுதச் சொல்வதில் என்ன தவறு என்று நண்பர்கள் கேட்பார்கள். தமிழ் எழுத்தில் தமிழை எழுத வேண்டும் என்று எனக்கும் ஆசை உண்டு. இந்தக் கட்டுரையை அப்படித்தான் எழுதுகிறேன். ஆனால் மொழிப்பற்று ஒருவரிடம் கேட்கும்போது ஒரு மாதிரியும் இன்னொருவரிடம் கேட்கும்போது வேறு மாதிரியும் ஒலிக்கிறது. என் கண்ணில் பட்டவரை, வண்ணமீன் குழுவில் வெளிநாட்டு மீன் வைத்திருக்கும் ஆண்கள் பாதி ஆங்கிலம் கலந்து எழுதினால் அது துறைமொழி. தையல் குழுவில் ஒரு பெண் "டென்ஷன் லூஸ் ஆயிடுச்சு" என்றால் அது மொழிக்கொலை.

சமையல் குழுவில் நடந்தது இன்னும் நல்ல உதாரணம். காரைக்கால் பக்கத்து முஸ்லிம் வீட்டுப் பெண் ஒருவர், ஆணம் நீர்த்துப் போனால் எப்படித் திக்காக்குவது என்று கேட்டார். குழம்பு என்று தூய தமிழில் எழுதுங்கள் என்று பதில் வந்தது. ஆணம் பழைய தமிழ்ச் சொல், அகராதியைத் திறந்தால் இருக்கிறது. நம்மில் பலர் கைவிட்ட சொல்லை அந்த வீடுகள் காப்பாற்றி வைத்திருக்கின்றன. திருத்தியவருக்கு அது தெரியாதது குற்றமில்லை. தெரியாத சொல் வந்தவுடன், அதைச் சொன்னது இன்ன வீட்டுப் பெண் என்பதால், அது தமிழாக இருக்க முடியாது என்று முடிவுகட்டிய வேகம்தான் பயமாக இருக்கிறது. ஆணத்தை எப்படிக் கெட்டிப்படுத்துவது என்று கடைசி வரை அந்தக் குழுவில் யாரும் சொல்லவில்லை.

குரல் பதிவு விதிக்கு மட்டும் எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் உண்டு. அதை மறைத்தால் நான் நேர்மையாக எழுதியவள் ஆகமாட்டேன். குரலைத் தேடிப் பிடிக்க முடியாது. அடுத்த வருடம் இன்னொருத்தியின் செம்பருத்தி கருகும்போது, எழுதி வைத்த பதில் கிடைக்கும், பேசி வைத்தது கிடைக்காது. காது கேளாதவர்களுக்கும் எழுத்துதான் வழி. ஆனால் கையில் மாவோடு நிற்பவளுக்கும், எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும் தெரிந்தவளுக்கும் குரல்தான் வாசல். வாசலை அடைத்துவிட்டு உள்ளே ஏன் கூட்டமில்லை என்று கேட்பதில் பொருளில்லை.

இந்த இடத்தில் எனக்கு வை.மு. கோதைநாயகியின் நினைவு வரும். 115 நாவல்கள் எழுதியவர், 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தியவர். அவருடைய முதல் படைப்பு 'இந்திர மோகனா' என்ற நாடகம். அதை அவர் கையால் எழுதவில்லை. அப்போது அவருக்குச் சரளமாக எழுத வராது. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதிக்கொடுத்தார். பிறகு எழுதவும் கற்றுக்கொடுத்தார். முதலில் எழுதக் கற்றுக்கொண்டு வா என்று பட்டம்மாள் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வரிசையைக் கவனியுங்கள்: முதலில் உதவி, அப்புறம்தான் எழுத்து. நம் இலக்கிய வரலாறுகளில் பட்டம்மாளுக்கு அரை வரி கிடைத்தால் அதிகம்.

கேள் என்ற ஒரே வினை தமிழில் வினவுவதற்கும் செவி கொடுப்பதற்கும் பொதுவாக இருக்கிறது. திருக்குறளின் 42ஆவது அதிகாரமான கேள்வி, முழுக்க இரண்டாவது பொருளில். கற்காதவரும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்பது வள்ளுவர் கட்சி. நம் விதிப்பட்டியல்கள் முதல் பொருளுக்கு மட்டும் பதினைந்து நிபந்தனை போடுகின்றன. இரண்டாவது பொருளுக்கு ஒன்றுகூடக் கிடையாது.

காளமேகத்தை நான் நாயகனாகப் பார்ப்பதில்லை. பல்லக்கை வணங்க மறுத்தவரை எல்லாருக்கும் பிடிக்கும், எனக்கும்தான். ஆனால் அவர் தேர்வே வேண்டாம் என்று சொல்லவில்லை. அரிகண்டம் என்ன பெரிது, எமகண்டம் பாடுகிறேன் என்று தேர்வைக் கடினமாக்கிக்கொண்டார். ஜெயித்த பிறகு சாபம் விட்டது 64 பேர் மேல் அல்ல, ஊரின் மேல். மண்மாரி விழுந்திருந்தால் அதைக் கூட்டி அள்ளியது யாராக இருக்கும்? அவமானப்பட்டவர் அடுத்த அதிமதுரமாக மாறுவது குழுக்களில் தினமும் நடக்கிறது. போன வருடம் திட்டு வாங்கிய பெண்ணே இந்த வருடம் விதியைப் படித்தீர்களா என்று இன்னொருத்தியைக் கேட்கிறாள். நான் பட்டேன், நீயும் படு. மாமியார் வீட்டுப் பாடம் அது.

அதே கதையின் தொடக்கம் யாருக்கும் நினைவில்லை. காளமேகம் பிறவிப் புலவர் அல்ல, ஸ்ரீரங்கம் கோயில் மடைப்பள்ளியில் பரிசாரகர், சமையல் வேலை. திருவானைக்காக் கோயிலில் ஆடிப் பாடிய மோகனாங்கி மேல் ஆசைப்பட்டவர். மார்கழியில் திருவெம்பாவை பாடும்போது, சிவனடியார் அல்லாதவரைச் சேரமாட்டோம் என்று பொருள் வரும் அடியில் மோகனாங்கியைத் தோழிகள் கேலி செய்ய, அவள் அவருக்குக் கதவைச் சாத்தினாள். அதனால் அவர் சைவரானார். ஒரு நாள் அவளுக்காகக் காத்திருந்து கோயிலிலேயே தூங்கிப்போனார். அகிலாண்டேஸ்வரி வந்து தன் வாய்த் தாம்பூலத்தை அவர் வாயில் உமிழ்ந்தாள். எழுந்தார், கவி வந்தது. தூங்கிக்கொண்டிருந்த சமையல்காரனிடம் அம்மன் எழுத்துப் பிழை பார்க்கவில்லை, வணக்கம் எதிர்பார்க்கவில்லை. அதற்குப் பிறகு மோகனாங்கி கதையிலிருந்து காணாமல் போகிறாள். கவி வந்தவுடன் கதை ஆண்கள் அவைக்கு நடந்துவிடுகிறது.

எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலுமாகப் பதினேழு பெண்கள் இப்போது தனியாக ஒரு சிறு குழு வைத்திருக்கிறோம். செடியும் சமையலும் தையலும் ஒன்றாகக் கிடக்கும். குரல் பதிவு அனுப்பலாம். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் அதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கேட்டு எழுதிப் போட்டுவிடுவாள், தேடினால் கிடைக்கட்டும் என்று. எழுதுகிறவளுக்கு இது வேலைதான், வாரம் இரண்டு மணி நேரம் போகிறது. அவளுக்குக் கொடுக்க எங்களிடம் பூச்செடிக் கன்றுகளும் பிளவுஸ் தைத்த கூலியும்தான் உண்டு. இது நியாயமா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. அவள் எழுதிப் போட்ட முதல் பதிவுகளில் ஒன்று, ஒரு லாத்தா சொன்ன மீன் ஆணம். அவளையறியாமல் குழம்பு என்று எழுதியிருந்தாள். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட லாத்தா, "நா அப்படியா புள்ள சொன்னேன்?" என்றார். மாற்றி எழுதிவிட்டு, கெட்டியாக்கத் தேங்காய்ப்பாலை எப்போது ஊற்றுவது என்று கேட்டாள். முதல் பாலைக் கடைசியில், அடுப்பைக் குறைத்துவிட்டு.